ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே துருப்பிடித்த தளம்: 1986 வீடு, பத்திரம் முடிந்து நாலு மாதம்

#1 வேப்பமரத்தடி

வணக்கம். தென் சென்னையில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தனி வீடு. வரைபடத்தின்படி கீழ்த்தளம் 1986, மாடி 1994. பத்திரப்பதிவு முடிந்து நாலு மாதம் ஆகிறது.

ஹால் 12 அடிக்கு 16 அடி. அங்கே ஃபால்ஸ் சீலிங்கின் வடகிழக்கு மூலை தொய்ந்திருந்ததால் ஜிப்சம் பலகை இரண்டைக் கழற்றினோம். பலகைக்கு மேலே, தொங்கு கம்பிகளுக்கு நடுவில், நீலத் தார்ப்பாய் ஒன்று தொட்டில் மாதிரி கட்டியிருக்கிறது. அதில் பூச்சுக் கட்டிகள், துருச் செதில்கள், இரண்டு கைப்பிடி ஜல்லி. தளத்தின் அடியில் ஆறடிக்கு நாலடி அளவுக்குக் கம்பி வெளியே தெரிகிறது. நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக வருகிறது.

அதன்பின் பார்த்தவை: வடக்குச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு பி.வி.சி. பேனல், அதன் பின்னால் பூச்சு மாவாகி உப்புப் பூத்திருக்கிறது. மாடியில் ஹாலுக்கு நேர் மேலே படுக்கையறையும் அதை ஒட்டிக் குளியலறையும். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதி டைல்ஸ் தட்டினால் வேறு சத்தம்.

வந்து பார்த்த கான்ட்ராக்டர், "உதிர்ந்ததைக் கொத்தி, கெமிக்கல் அடித்து, பூசிக் கொடுத்துவிடுகிறேன், மூணு நாள் வேலை" என்கிறார். செய்யச் சொல்லலாமா? விற்றவரிடம் ஏதாவது கேட்க முடியுமா?

#2 தளக்கம்பி

இன்று ராத்திரியிலிருந்து அந்த ஹாலில் யாரும் படுக்க வேண்டாம். மாடியில் அதற்கு மேல் உள்ள அறையில் பீரோ, புத்தக அலமாரி, தண்ணீர் டிரம் எது இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். ஹால் ஃபேனை நாளைக்கே இறக்குங்கள். அந்தக் காலத்து ஃபேன் கொக்கியின் கால்களைத் தளக் கம்பியின் மேல் போட்டு வளைத்திருப்பார்கள். கம்பி போன இடத்தில் கொக்கியை நம்ப முடியாது.

அடுத்தது முட்டு. 12க்கு 16 ஹாலுக்கு நாலடிக்கு ஒன்றாக ஜாக்கி (திருகி உயரம் கூட்டும் இரும்பு முட்டு) கொடுத்தால் 12 ஜாக்கி வரும். ஜாக்கியை டைல்ஸ் மேல் நேராக நிறுத்தாமல் கீழே 9 இன்ச் அகலப் பலகை போடுங்கள், மேலேயும் பலகை. தளத்தைத் தொட்டு இறுகினால் போதும். நெம்பித் தூக்கப் பார்த்தால் மேல்பக்கம் விரிசல் விடும், அங்கே தாங்குவதற்குக் கம்பி இருக்காது.

மீதி ஃபால்ஸ் சீலிங்கையும் முழுக்கக் கழற்றுங்கள், மற்ற அறைகளிலும். திறந்து பார்க்காத அறையைப் பற்றி இங்கிருந்து எதுவும் சொல்ல முடியாது.

மூணு நாள் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். கம்பி ஏன் துருப்பிடித்தது, எவ்வளவு கரைந்தது என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்கும் முன் பூசினால், அதே பூச்சு இரண்டு மழைக்குள் உங்கள் தலையில் விழும். துருவான இரும்பு தன் பழைய பருமனைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. மேலே பூசுவதால் அந்த நெருக்கல் நிற்காது.

#3 வழக்குக்கட்டு

கொத்துவதற்கு முன் நிறுத்துங்கள். முட்டுக் கொடுப்பது, ஃபேன் இறக்குவது இரண்டும் உயிர்ப் பாதுகாப்பு, தயங்காமல் செய்யுங்கள். மற்றதற்கு முன்னால் ஆதாரம் சேர்க்க வேண்டும்.

சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 55(1)(ஏ): சொத்தில் உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக நீங்கள் நிரூபிக்க வேண்டியவை இரண்டு: அவருக்குத் தெரியும், உங்களால் பார்த்திருக்க முடியாது.

அந்தத் தார்ப்பாய் இரண்டுக்குமே சாட்சி. கட்டிகள் விழுவது தெரியாமல் யாரும் சீலிங்குக்கு மேல் தார்ப்பாயைத் தொட்டில் கட்ட மாட்டார்கள். அதை அவிழ்க்காமல், உள்ளே விழுந்தவை உள்ளேயே இருக்க, பல கோணத்தில் படமும் வீடியோவும் எடுங்கள். கழற்றும்போது பொறியாளர் ஒருவர் கூட இருந்து, தேதி போட்டுத் தன் லெட்டர்ஹெட்டில் அறிக்கை தரட்டும். ஃபால்ஸ் சீலிங் போட்ட ஆள் யார், எந்த வருடம் என்று விசாரியுங்கள். பழைய வாடகைதாரர் இருந்தால் அவரையும் கேளுங்கள்.

பிரிவு 55 "மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. அதனால் உங்கள் கிரயப் பத்திரத்திலும் அதற்கு முந்தைய விற்பனை ஒப்பந்தத்திலும் "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இங்கே உதவாது. அதன் பிரிவு 14(3) தரும் ஐந்து வருடப் பொறுப்பு கட்டி விற்கும் புரமோட்டருக்கு. தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்றால் அதில் வராது. நுகர்வோர் ஆணையமும் அப்படியே, அவர் உங்களுக்குச் சேவை தருபவர் அல்ல. வழி சிவில் நீதிமன்றம்.

#4 கரண்டிக்காரர்

வக்கீல் சார் சொன்னது முடிந்தபின் கொத்தும் வேலைக்கு வாருங்கள். அதற்கு முன்னால் சேதத்தின் எல்லையை நீங்களே கண்டுபிடிக்கலாம், எதையும் உடைக்க வேண்டாம். அரைக் கிலோ சுத்தி, ஒரு சாக்பீஸ், ஏணி, கண்ணாடி, ஹெல்மெட். ஜாக்கி நின்ற பிறகு ஏறித் தளத்தின் அடியை அரையடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டங்" என்று கையைத் திருப்பி அடிக்கும். கழன்ற இடம் "டொப்" என்று பொத்தலாகக் கேட்கும், கையில் எதிர்ப்பு இருக்காது. பொத்தல் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். கண்ணுக்கு ஆறடி தெரிந்தால் கோடு பத்தடிக்குப் போகும், அதுதான் வழக்கம்.

சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் வெளியே நீளும் தளம்), பால்கனியையும் தட்டிப் பாருங்கள். ஆனால் அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அடியில் நன்றாக இருந்தாலும், சுவரை ஒட்டி மேலே நீளவாக்கில் மயிரிழை விரிசல் ஓடினால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது.

#5 வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. 12 ஜாக்கி நின்றுவிட்டது, ஃபேன் இறக்கியாச்சு, படங்கள் எடுத்தாச்சு. பொறியாளர் வெள்ளிக்கிழமை வருகிறார். பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று எதுவும் இல்லை.

சுத்தியால் தட்டியதில் ஹாலில் கிட்டத்தட்ட பாதித் தளம் பொத்தல். சமையலறை, முன்னறை நன்றாக இருக்கின்றன.

ஒரு சந்தேகம். மாடிப்படியில் எல்லாப் படியும் ஆறரை இன்ச் உயரம், கடைசிப் படி மட்டும் ஒன்பதரை இன்ச். மாடி அறைக்குள் போக அந்தப் பெரிய படிதான். இதற்கும் தளத்துக்கும் சம்பந்தம் உண்டா?

#6 தளக்கம்பி

உண்டு. உங்கள் வீட்டின் முக்கியமான செய்தியே அந்தப் படியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1986இல் ஹாலின் தளம் மொட்டை மாடி. அதன்மேல் நம் ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் குத்திய வெதரிங் கோர்ஸ் (வெயில், மழை தாங்கும் அடுக்கு), ஏறத்தாழ 3 இன்ச். அதன்மேல் தட்டோடு. படிக்கட்டை அந்த உயரத்துக்குச் சரியாகக் கட்டியிருப்பார்கள், அதனால் எல்லாப் படியும் ஆறரை. 1994இல் மாடி அறை கட்டும்போது வெதரிங் கோர்ஸை எடுத்துவிட்டுத் தரை போட்டிருந்தால் கடைசிப் படி பழைய அளவிலேயே நின்றிருக்கும், அல்லது குறைந்திருக்கும். உங்களுக்கு 3 இன்ச் கூடியிருக்கிறது. அப்படியென்றால் பழைய ஜல்லிச் சுண்ணாம்பை எடுக்காமல் அதன் மேலேயே 3 இன்ச் கலவையும் தரையும் போட்டிருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 75 மி.மீ. வெதரிங் கோர்ஸ் சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. அதன்மேல் 75 மி.மீ. கலவையும் தரையும் சுமார் 155 கிலோ. மொத்தம் 300 கிலோவை ஒட்டி. தரைப் பூச்சுக்கு வழக்கமாக டிசைனில் 100 கிலோதான் எடுப்பார்கள். குடியிருப்பு அறையில் மனிதர், சாமான் எல்லாம் சேர்த்து இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கொடுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஆக ஆள் ஒருவர்கூட இல்லாதபோதும் உங்கள் தளம் நிரம்பிய அறையின் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1986 வீடுகளில் தளம் பெரும்பாலும் நாலரை, ஐந்து இன்ச்தான்.

இரண்டாவது கெடுதல் தண்ணீர். செங்கல் ஜல்லி பஞ்சு மாதிரி உறிஞ்சும். மாடிக் குளியலறையில் எங்கே கசிந்தாலும் அந்தப் படுகை முழுக்க ஈரம் பரவி, தளத்தில் பலவீனமான இடமாகப் பார்த்து இறங்கும். அதனால் கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே கசிவைத் தேடினால் கிடைக்காது.

கசிவைப் பிரிப்பது இப்படி. மாடிக் குளியலறையை ஐந்து நாள் பூட்டுங்கள், ஆனால் தண்ணீர் லைன் திறந்தே இருக்கட்டும். ஈரம் அப்படியே தொடர்ந்தால் சப்ளைக் குழாய் மேல் சந்தேகம். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் சுவருக்குள் வளைவுகளில்தான் முதலில் ஓட்டை விழும். குறைந்தால் கழிவுக் குழாய், தரை மூட்டு, நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்). அடுத்து வாசலில் ஈரத்துணி முட்டுக் கொடுத்துத் தரையில் அரை இன்ச் சாயத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பாருங்கள். படுகையில் ஏற்கெனவே ஊறிய தண்ணீர் வடிய வாரக்கணக்காகும், ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள்.

பொறியாளரிடம் கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபீனாப்தலீன் தெளிப்பது ஒன்று: இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் காற்றின் கரியமில வாயு அதுவரை ஊடுருவிவிட்டது என்று பொருள். நிறம் மாறாத ஆழத்தை மி.மீட்டரில் குறிக்க வேண்டும். இரண்டு, கம்பி இருக்கும் ஆழத்தில் துளையிட்ட தூளில் குளோரைடு, அதாவது உப்பின் அளவு. ஐ.எஸ். 456 அனுமதிப்பது கன மீட்டருக்கு 0.6 கிலோ வரை. மூன்று, கம்பியின் மிச்ச விட்டம். துருவைப் பளபளப்பு வரும்வரை தேய்த்துவிட்டு, வரிகளுக்கு நடுவில் வெர்னியர் வைக்க வேண்டும். துருவோடு அளந்தால் 10 மி.மீ. கம்பி 11 காட்டும்.

#7 மணல்மேடு

இவ்வளவுக்கு எதற்கு? கம்பி வலை கட்டி அடியில் முழுக்க 2 இன்ச் குனைட்டிங் (காற்றழுத்தத்தில் சிமென்ட் கலவையைப் பீய்ச்சுவது) அடித்தால் தளம் புதுசு மாதிரி ஆகிவிடுமே.

#8 தளக்கம்பி

மணல்மேடு சார், 50 மி.மீ. குனைட் சதுர மீட்டருக்கு இன்னும் 120 கிலோ. ஏற்கெனவே 200 கிலோ கூடுதலாகச் சுமக்கும் தளம் இது. மேலே உள்ளதை இறக்காமல் அடியில் ஏற்றினால் அந்த 120 கிலோவும் பழைய கம்பியில்தான் தொங்கும். மேல் பாரம் இறங்கி, கசிவு அடைபட்டு, பழைய கான்கிரீட்டோடு டவல் கம்பி (துளையில் செருகும் இணைப்புக் கம்பி) வைத்துப் பிணைத்த பிறகு என்றால் குனைட்டிங் பற்றிப் பேசலாம். குடியிருக்கும் வீட்டு ஹாலில் அந்த இயந்திரம், தூசி, தெறித்து வீணாகும் கலவை இவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

#9 ஓதம்காப்பு

வடக்குச் சுவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது வேறு நோய், தளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றடி உயரம், உப்புப் பூப்பு, அதற்கு மேல் சுவர் காய்ந்திருப்பது: இது அடியிலிருந்து ஏறும் ஓதம். பேனலை முழுக்கக் கழற்றுங்கள். பேனல் இருக்கும்வரை ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். நீர்புகா சிமென்ட் பூச்சு பூசினாலும் இதே கதைதான், மூன்றடியில் இருந்த கோடு நாலரை அடிக்குப் போகும்.

காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். சென்னையில் பல தெருக்கள் போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டதால் பழைய வீடுகளின் பேஸ்மென்ட் மண்ணுக்குள் போய்விட்டது. அந்தச் சுவரின் வெளிப்பக்கம் போய் நின்று பாருங்கள். பக்கவாட்டுச் சந்தில் சிமென்ட் தளம் போட்டு உயர்த்தி, அது வீட்டின் உள்தரையோடு சமமாகவோ மேலாகவோ இருந்தால், ஓதம் தடுக்கப் போட்ட டி.பி.சி. அடுக்கைத் தாண்டி ஈரம் நேராகச் செங்கல்லுக்குள் போகிறது. உள்ளேயும் பாருங்கள்: மொசைக் மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் கதவின் அடியை அறுத்திருப்பார்கள். கீழ்ச் சட்டம் மேல் சட்டத்தைவிட ஒல்லியாக இருந்தால் அதுதான் அடையாளம்.

வெளித்தளத்தைச் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து, உள்தரையைவிட ஆறு இன்ச்சாவது தாழ்த்தி, சுவரிலிருந்து விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். பல வீடுகளில் இதுவே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். அதற்குப் பின்னும் ஏறினால் ஊசித் துளைச் சிகிச்சை: தரையிலிருந்து ஆறு இன்ச் உயரத்தில், மட்டக் கலவை மூட்டில், 12 மி.மீ. துளை, 4 இன்ச்சுக்கு ஒன்று, மறுபக்கம் ஒரு இன்ச் விட்டு முடியும் ஆழம். அதில் சிலேன் கிரீம் (நீரை விலக்கும் மருந்து) நிரப்ப வேண்டும். ஒன்பது இன்ச் சுவருக்கு எட்டு இன்ச் ஆழம் வரும். துளைத் தூசியை ஊதி வெளியேற்றாமல் நிரப்பினால் மருந்து செங்கல்லுக்குள் போகாது, வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மாவான பூச்சை ஈரக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்து, சுவரைத் திறந்தபடியே காய விடுங்கள். ஒன்பது இன்ச் சுவர் என்றால் மாதக்கணக்கு ஆகும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. வால் பட்டி, எமல்ஷன் இரண்டும் அந்தச் சுவருக்கு ஆகாது.

#10 மின்கம்பம்

தளம் நனைந்த வீட்டில் வயரிங்கைப் பார்க்காமல் விடக் கூடாது. விளக்கு, ஃபேன் குழாய்கள் தளத்துக்குள்தான் ஓடுகின்றன. ஈரம் அதே குழாயில் இறங்கும்.

உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதனை கேளுங்கள். 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் பிட் 5 ஓமுக்குள் வர வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. சில இடங்களில் நியூட்ரலை அதோடு முறுக்கிவிட்டிருப்பார்கள், இது அதைவிட ஆபத்து: நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ் உடம்பு முழுக்க மின்சாரம். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வையுங்கள். போட்டவுடன் டிரிப் ஆனால் ஆர்.சி.சி.பி. மேல் குறை சொல்லி அதைக் கழற்றிவிடுவார்கள், அனுமதிக்காதீர்கள். கசிவு எந்த சர்க்யூட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹால் தளம் சரிசெய்யும்போது அதற்குள் ஓடும் பழைய குழாயைக் கைவிட்டு, சுவர் வழியாகப் புது லைன் எடுங்கள்.

#11 கரண்டிக்காரர்

கார் நிறுத்தும் இடத்து டைல்ஸ் சத்தம் எனக்கு உறுத்துகிறது. வேப்பமரத்தடி, அங்கே சுவரோரம் எங்கும் சேராமல் மேலே போய் நிற்கும் பழைய காற்றுக் குழாய், உச்சியில் வலைக் குல்லா போட்டது, இருக்கிறதா?

#12 வேப்பமரத்தடி

இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரோரம் சிமென்ட் குழாய். டி.வி. கேபிள் கட்ட வைத்தது என்று நினைத்தோம்.

#13 கரண்டிக்காரர்

அப்போது கீழே பழைய செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்ததும் தொட்டியை மண் போட்டு மூடாமல், மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். காரை இன்றைக்கே வெளியே எடுங்கள். மூடிப் பலகை மூன்று, நாலு இன்ச் கான்கிரீட். அடியில் இத்தனை வருடம் தொட்டிக் காற்று பட்டதில் கம்பி இருக்குமா என்பதே சந்தேகம்.

யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. ஒரு நிமிடம்கூட, கயிறு கட்டிக்கூட வேண்டாம். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் இரண்டு மூச்சில் ஆள் விழுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி இறக்குவது குற்றமும்கூட. உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுங்கள். பழைய இணைப்பு எதுவும் இன்னும் தொட்டிக்கு வரவில்லை என்று கழிப்பறையில் சாயம் ஊற்றி உறுதி செய்யுங்கள். பிறகு தொட்டிக்கு வெளியே நின்றபடியே மூடியை உடைத்து எடுத்து, நீளக் கடப்பாரையால் அடித்தளத்தில் நாலைந்து இடத்தில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி மண் சேறாகும். ஆற்று மணலோ எம். சாண்டோ ஒரு அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். கட்டட இடிபாட்டை அப்படியே கொட்டினால் இடையில் பொந்து விழுந்து பிறகு தரை உள்வாங்கும்.

சம்ப் அதற்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீரைக் கோலிஃபார்ம் (கழிவுக் கலப்பைக் காட்டும் கிருமி) சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை காய்ச்சிக் குடியுங்கள்.

#14 புளியந்தோப்பு

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த பழைய கூரை), தேக்கு உத்தரம். இதே முறை பொருந்துமா?

#15 தளக்கம்பி

பொருந்தாது. அதில் கம்பி இல்லை. உத்தரம் சுவருக்குள் போகும் நுனியில்தான் உளுத்துப்போகும், நடுப்பகுதி கல்லு மாதிரி இருக்கும். சுவரை ஒட்டி, திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேலே சிமென்ட் பூச்சு போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும். தனி இழை தொடங்குங்கள், விரிவாக எழுதலாம்.

#16 வேப்பமரத்தடி

சோதனை முடிவுகள் வந்துவிட்டன. ஹால் தளம் 5 இன்ச். 10 மி.மீ. முறுக்குக் கம்பி, ஐந்தரை இன்ச் இடைவெளி. கம்பிக்கு அடியில் கான்கிரீட் 8 முதல் 12 மி.மீ. தான். ஃபீனாப்தலீன் நிறம் மாறாத ஆழம் 30 மி.மீ. குளோரைடு 0.9. தேய்த்து அளந்த விட்டம் மூன்று இடத்தில் 9.1, 8.8, 8.4. மாடித் தரையில் ஒரு இடத்தில் துளை போட்டுப் பார்த்தோம். தளக்கம்பி சார் சொன்னது அப்படியே: டைல்ஸ், கலவை, அதற்கு அடியில் தட்டோடு, ஜல்லிச் சுண்ணாம்பு, கையில் பிழிந்தால் ஈரம். குளியலறை நஹானி டிராப் மூட்டு கசிவு.

#17 தளக்கம்பி

கம்பிக் கணக்கு. 10 மி.மீ. கம்பியின் பரப்பு 78.5 சதுர மி.மீ. 9.1 என்றால் 65, இழப்பு 17 சதவீதம். 8.8 என்றால் 22 அல்லது 23. 8.4 என்றால் 55, இழப்பு 29 சதவீதம். 20 சதவீதத்தைத் தாண்டிய கம்பிக்குத் துணைக்கம்பி வேண்டும் என்பதே பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. வெர்னியரில் சந்தேகம் இருந்தால், பொறியாளர் காட்டும் இடத்தில் அரை மீட்டர் வெட்டி எடை போடலாம். புதுக் கம்பி மீட்டருக்கு 617 கிராம், அரை மீட்டருக்கு 308 வர வேண்டும்.

இன்றைய ஐ.எஸ். 456 கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று நேராகப் படாத கான்கிரீட்டுக்கே 30 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்) கேட்கிறது. உங்களுக்கு இருப்பது 8, 12. கார்பனேஷன் (கரியமில வாயு ஊடுருவல்) கம்பியைத் தாண்டி மேலே போய்விட்டது, குளோரைடும் வரம்பைக் கடந்துவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததால் உதிர்ந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவதை நான் ஏற்க மாட்டேன். குளோரைடு உள்ள தளத்தில் புது ஒட்டுக்குள் கம்பி பாதுகாப்பாக இருக்கும், ஒட்டின் விளிம்பைச் சுற்றி வளையமாக அடுத்த துரு தொடங்கும். இரண்டு வருடத்தில் "கெமிக்கல் சரியில்லை" என்பார்கள். கெமிக்கல் சரிதான், பக்கத்துக் கான்கிரீட்டில் உப்பு இருக்கிறது.

ஹால் தளத்தின் அடிப்பகுதி முழுக்க, பொத்தல் இல்லாத பாதியையும் சேர்த்து, கம்பிக்குப் பின்னால் வரை எடுக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் மாடிக் குளியலறையின் நஹானி டிராப்பை மாற்றி, தரையில் நீர்த்தடுப்பு செய்யுங்கள். பிறகு முட்டு இருக்கும்போதே மாடித் தரையையும் ஜல்லிச் சுண்ணாம்பையும் தளம் வரை எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியும்தான். இடிபாட்டை அறை நடுவில் குவிக்காமல் அவ்வப்போது கீழே இறக்க வேண்டும். புதுத் தரை 40 மி.மீ. கலவையும் 10 மி.மீ. டைலும், சுமார் 100 கிலோ. சதுர மீட்டருக்கு 200 கிலோ இறங்கிவிடும். அதன்பிறகே அடிப்பக்கம்.

#18 கரண்டிக்காரர்

அடிப்பக்க வேலையை நான் எழுதுகிறேன், ஆள் வைக்கும்போது கூட நின்று பாருங்கள்.

நாலடிக்கு நாலடி கட்டமாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் முழு ஹாலையும் கொத்தினால் கம்பி பிடிப்பில்லாமல் தொங்கும். கட்டத்தின் விளிம்பைக் கிரைண்டரால் 10 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள், கம்பி படாமல். விளிம்பு சரிவாகச் சப்பையாக முடிந்தால் கலவை அங்கிருந்துதான் உரியும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைந்து சுற்றி வர வேண்டும், ஒரு இன்ச் இடைவெளி. அரைக் கம்பி கான்கிரீட்டுக்குள் இருக்க, முன்பாதிக்கு மட்டும் பெயின்ட் அடிப்பதுதான் நான் பார்க்கும் பெரிய ஏமாற்று வேலை.

துருவை வயர் பிரஷ் கப் மாட்டிய மெஷினால் பளபளப்பு வரும் வரை எடுக்கவும், பின்பக்கத்துக்குக் கைப்பிரஷ். துருவை மாற்றும் திரவத்தைச் செதிலின் மேல் தடவினால் செதிலோடு உதிரும். கழுவுவதற்கும் கலப்பதற்கும் நனைப்பதற்கும் போர் தண்ணீர் கூடாது, உங்கள் பகுதியில் உப்பு. மெட்ரோ தண்ணீர் அல்லது லாரியில் வரும் நல்ல தண்ணீர்.

சுத்தம் செய்த அன்றே ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும், கடற்காற்றில் ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். துணைக்கம்பி போடும் இடத்தில், கரைந்த பகுதியின் இரு முனையிலும் நல்ல கம்பியோடு 50 செ.மீ. சேர்த்துக் கட்டுங்கள். முறுக்குக் கம்பியில் வெல்டிங் வைக்க வேண்டாம், சூட்டில் பலம் இழக்கும்.

முழு அடிப்பகுதியும் போவதால் கையால் பூசுவதைவிட அடியில் சென்டரிங் அடைத்து, மேலிருந்து துளை வழியாக மைக்ரோ கான்கிரீட் (தானே ஓடி நிரம்பும் பொடிக்கலவை) ஊற்றுவது நல்லது. மாடித் தரை திறந்திருக்கும்போதே அந்தத் துளைகளைப் போடலாம், கம்பி இடத்தைக் குறித்துக்கொண்டு விலகித்தான் போட வேண்டும். புது அடி கம்பிக்குக் கீழே 30 மி.மீ. வரட்டும். மூலை, ஓரங்களில் கைப்பூச்சு என்றால் பாலிமர் கலவை, ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ., முதலில் தடவும் பிணைப்புப் பால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே. அது காய்ந்து வழவழப்பானால் ஒட்டாது, உரிய விடும் வேலையைத்தான் செய்யும்.

#19 வேப்பமரத்தடி

பொறியாளரும் இதே வரிசையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவில் இரும்பு உத்தரம் ஒன்றும் வைக்கலாமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார். சரிதானா?

#20 தளக்கம்பி

மேல் பாரம் இறங்கித் துணைக்கம்பியும் வந்தபின் தேவையில்லை என்பது சரியான தீர்ப்பு. நடுவில் உத்தரம் வைத்தால் தளம் அதன் மேல் எதிர்ப்பக்கமாக வளையும். அங்கே மேல்பக்கம் கம்பி இல்லாததால் உத்தரத்தின் நீளத்துக்கு மாடித் தரையில் விரிசல் ஓடும். தளம் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு வைப்பார்கள்.

#21 வழக்குக்கட்டு

வேலை தொடங்குமுன் மூன்று விஷயம். பொறியாளர் அறிக்கையில் பழுதுக்கான செலவு மதிப்பீடு உருப்படி வாரியாக இருக்கட்டும், நஷ்ட ஈட்டுத் தொகை அதிலிருந்துதான் வரும். விற்றவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியும் சேர்த்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, வக்கீல் நோட்டீஸ்: குறை என்ன, எப்போது தெரிந்தது, வந்து பார்க்க இத்தனை நாள் அவகாசம் என்று. அவர் வந்து பார்க்கவில்லை என்றால் அதுவும் பதிவாகும். வழக்குத் தொடுத்தால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9இன்படி வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பதிவு செய்யக் கேட்கலாம். முட்டுக் கொடுத்த தளத்தில் அதற்குக் காத்திருக்க முடியுமா என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். காத்திருக்க முடியாது என்றால் அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

"கொஞ்சம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19இன் விதிவிலக்கு அதற்கு இடம் தருகிறது. ஓதத்திலும் செப்டிக் டேங்கிலும் அந்த வாதம் ஓரளவு எடுபடலாம், காற்றுக் குழாய் கண்ணெதிரே நிற்கிறது. தளத்தில் எடுபடுவது கஷ்டம். ஆகவே வழக்கின் எடையைத் தளத்தின் மேல் வையுங்கள். காலவரம்பு, மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம். பலகையைக் கழற்றிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தார்ப்பாயை, உள்ளே விழுந்ததோடு, மூட்டை கட்டி முத்திரை வைத்து, பொறியாளர் கையெழுத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

#22 கரண்டிக்காரர்

முட்டு எடுப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். கடைசி மைக்ரோ கான்கிரீட் ஊற்றி 28 நாள் ஆகட்டும். எடுக்கும் முன் ஹாலின் நீளவாக்கில், சுவரிலிருந்து சுவருக்குத் தளத்தின் அடியில் நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து சுவரில் பென்சிலால் எழுதுங்கள். ஜாக்கியை நடுவிலிருந்து தளர்த்தத் தொடங்கி இருபக்கமும் சுவரை நோக்கி வர வேண்டும், ஒரு தடவைக்குக் கால் திருகு. எல்லாம் தளர்ந்த பின்னும் இரண்டு நாள் அப்படியே தளத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். மறுபடி நூலை அளந்து பொறியாளருக்கு அனுப்புங்கள். அவர் சரி சொன்ன பிறகு ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம்.